தீக்குச்சித் தலையில் பாஸ்பரஸ் கிடையாது

தீக்குச்சித் தலையில் என்ன மருந்து இருக்கிறது என்று கேட்டால் சட்டென்று வரும் பதில் பாஸ்பரஸ். பள்ளிக்கூடத்தில் படித்தது அப்படித்தான் மனதில் தங்கியிருக்கிறது. பெட்டிக்கடையில் 2 ரூபாய்க்கு விற்கும் சாதாரணத் தீப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குச்சிகளில் துளிகூடப் பாஸ்பரஸ் இல்லை. அது இருப்பது பெட்டியின் பக்கவாட்டில், நாம் உரசுகிற காப்பிக்கொட்டை நிறப் பட்டையில்.

தலையின் சிவப்பு வெறும் சாயம். கறுப்பு, பச்சை, பழுப்பு என்று எந்த நிறத்தில் வந்தாலும் வேலை ஒன்றுதான். நிறத்தை வைத்துத் தரம் சொல்ல முடியாது. எடைக்கணக்கில் தலையில் ஏறக்குறையப் பாதி பொட்டாசியம் குளோரேட். இது தானாக எரிகிற பொருள் அல்ல, எரிகிற பொருளுக்கு ஆக்சிஜன் ஊட்டுகிற பொருள். கூடவே கொஞ்சம் கந்தகம், கண்ணாடித்தூள், இரும்பு ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு போன்ற நிரப்பிகள். எல்லாவற்றையும் பிடித்து வைக்க வஜ்ஜிரம். வழக்கமான வஜ்ஜிரம் மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. சுத்த சைவச் சமையலறையிலும் அடுப்பைப் பற்றவைப்பது அநேகமாக ஓர் அசைவப் பொருள்தான் என்பதை மாமியாரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.

பட்டையில் பாதியளவு சிவப்புப் பாஸ்பரஸ், கால்பங்கு கண்ணாடித்தூள், மீதி பசையும் சிறிது கரித்தூளும் சுண்ணாம்புக்கல் பொடியும். சுண்ணாம்புக்கல்லுக்கு அங்கே என்ன வேலை? சிவப்புப் பாஸ்பரஸ் ஈரக்காற்றில் மெல்ல மெல்ல அமிலமாக மாறும். குளோரேட்டுக்கும் அமிலத்துக்கும் ஆகாது. அந்த அமிலம் சேரச்சேர அதை முறிப்பதற்குத்தான் இந்தப் பொடி.

ஆக, நெருப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைக் குச்சியிலும் மறுபாதியைப் பெட்டியிலும் வைத்திருக்கிறார்கள். லேபிளில் ‘சேஃப்டி மேட்சஸ்’ என்று போட்டிருப்பதன் அர்த்தம் இவ்வளவுதான். இரண்டு பாதியையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கடைத்தெருவிலேயே பதில் உண்டு: பொம்மைத் துப்பாக்கியில் போட்டுச் சுடும் சுருள் கேப். சிவப்புப் பாஸ்பரஸும் குளோரேட்டும் சேர்ந்தால் லேசான உரசலுக்கே வெடிக்கும். அதனால்தான் தலை மருந்து கலக்கும் இடமும் பட்டை மருந்து கலக்கும் இடமும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது தீப்பெட்டித் தொழிலின் முதல் பாடம். ஒரு வாளியோ தூரிகையோகூட இடம் மாறக்கூடாது.

உரசும் அந்தக் கண நேரத்தில் நடப்பது ஒரு தொடர் ஓட்டம். இரு பக்கத்திலும் உள்ள கண்ணாடித்தூள் ஒன்றையொன்று தேய்த்துச் சூடு கிளப்புகிறது. அந்தச் சூட்டில் பட்டையிலிருந்து ஊசிமுனை அளவு சிவப்புப் பாஸ்பரஸ் வெள்ளைப் பாஸ்பரஸாக மாறி உடனே பற்றிக்கொள்கிறது. அந்தப் பொறி தலையில் உள்ள குளோரேட்டைக் கிளப்பிவிட, அது ஆக்சிஜனைக் கொட்டுகிறது, கந்தகம் எரிகிறது. மூக்கைத் துளைக்கும் அந்த வாடை கந்தக டை ஆக்சைடுதான். இத்தனையும் முடிந்தாலும் மரம் இன்னும் பற்றியிருக்காது. தலை எரிவது ஓரிரு நொடிதான். அதற்குள் மரம் எரியும் அளவுக்குச் சூடேறாது. அதனால் குச்சியின் தலைப்பக்கத்தை மருந்தில் முக்குவதற்கு முன்னால் உருக்கிய பாரஃபின் மெழுகில் முக்கியிருப்பார்கள். தலையின் சூட்டில் மெழுகு ஆவியாகி எரியும், அந்தச் சுடர்தான் மரத்துக்குத் தாவும்.

இதைத் தெரிந்துகொண்டால் குச்சி சொதப்பும்போது குற்றவாளி யார் என்று கண்டுபிடித்துவிடலாம். புஸ்ஸென்று சீறி, தலை மட்டும் கருகி அணைந்துவிட்டால் மெழுகு போதவில்லை. உரசியதும் தலை உதிர்ந்து மாவாகப் பட்டையில் அப்பிக்கொண்டால் வஜ்ஜிரம் ஈரம் குடித்திருக்கிறது. தலை முழுசாகத் தெறித்துப் பறந்தால் பசை குச்சியில் சரியாகப் பிடிக்கவில்லை. கண்ணுக்கு ஆபத்தானது இதுதான். ஊதி அணைத்த பிறகும் முனை கங்குபோலக் கனன்றுகொண்டே இருந்தால், மரத்தை அம்மோனியம் பாஸ்பேட் கரைசலில் ஊறவைக்கும் வேலையைத் தவிர்த்திருக்கிறார்கள். நன்றாகச் செய்த குச்சி சுடர் போனதும் கறுத்து நின்றுவிடும், குப்பைத்தொட்டியில் போய்ப் புகையாது.

(தலையில் இல்லாத பாஸ்பரஸ் குச்சியின் உடம்பில் இப்படிப் பாஸ்பேட்டாக இருக்கலாம், அதுவும் நெருப்பை அணைக்கிற வேலைக்கு.)

உரசுவதிலும் ஒரு முறை உண்டு. முதலில் உள்பெட்டியை உள்ளே தள்ளி மூடுங்கள். திறந்த பெட்டியில் ஒரு பொறி விழுந்தால் மொத்தக் குச்சியும் ஒரே வீச்சில் கொளுத்திக்கொள்ளும். குச்சியை அடிநுனியில் பிடித்தால் ஒடியும். பாதிக்கு மேலே பிடித்து, ஆட்காட்டி விரலைத் தலைக்குச் சற்றுக் கீழே முட்டுக்கொடுத்து, உடம்பிலிருந்து வெளிப்புறமாக ஒரே இழுப்பு. பற்றியதும் விரலைப் பின்னுக்கு இழுத்து, தலையை ஒரு நொடி கீழ்நோக்கிச் சாய்த்தால் சுடர் மரத்தின் மேல் ஏறும், பிறகு மட்டமாகப் பிடித்துக்கொள்ளலாம். ஒரே இடத்தில் உரசிக்கொண்டே இருந்தால் அந்த இடத்தில் பாஸ்பரஸ் தேய்ந்து வழவழப்பாகிவிடும். பட்டை முழுவதையும் பயன்படுத்தினால் கடைசிக் குச்சி வரை தாங்கும். பட்டையில் உதிர்ந்த மருந்து அப்பியிருந்தால் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். ஈரத்துணி பட்டால் பட்டையின் பசையே ஊறிக் கழன்றுவிடும்.

மழைக்காலத்தில் நமுத்த பெட்டியை அடுப்புத் திண்டில் வைத்துக் காயவைப்பது பலர் வீட்டு வழக்கம். கொதிக்கும் பாத்திரத்தின் ஆவி மறுபடி அதைத்தான் நனைக்கும். பெட்டியைத் திறந்து வைத்து விசிறிக் காற்றில் ஒரு நாள் விட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும், வெயிலிலும் வைக்கலாம். சூடான தோசைக்கல்லில் வைப்பது மட்டும் கூடாது. பிறகு மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் போட்டு, புதுச் செருப்புப் பெட்டியில் கிடைக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் போட்டுவிட்டால் தீர்ந்தது. மலையேறப் போகிறவர்கள் குச்சித் தலையை உருகிய மெழுகில் ஒரு முக்கு முக்கி எடுத்துக்கொள்ளலாம். மெழுகை நேரடித் தீயில் இல்லாமல் வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உருக்க வேண்டும். உரசுவதற்கு முன் நகத்தால் மெழுகைச் சுரண்டிவிட வேண்டும். பட்டை நனைந்துவிட்டால் இத்தனை பாடும் வீண் என்பதால் அதைத் தனியாக பிளாஸ்டிக் உறையில் சுற்றிக்கொள்வது முக்கியம்.

எரிகருவி நனையாமல் பார்த்துக்கொள்வது பழைய கவலைதான். புறநானூற்றிலேயே வீட்டுக் கூரை இறவாரத்தில் செருகி வைத்த ஞெலிகோல், அதாவது தீக்கடைகோல், வருகிறது. மழைச்சாரல் படாத, அடுப்புப் புகை படிகிற இடம். அதைவிட நல்ல இடம் வீட்டில் கிடையாது.

இனி, நெருப்பை ஏன் இரண்டாகப் பிரித்தார்கள் என்ற கதைக்கு வருவோம்.

உரசிப் பற்றும் முதல் குச்சியிலும் பாஸ்பரஸ் இல்லை. இங்கிலாந்தின் ஸ்டாக்டன் ஆன் டீஸ் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர் 1826-இல் கண்டது அது. ஆன்டிமனி சல்ஃபைடு, பொட்டாசியம் குளோரேட், பசை, இவ்வளவுதான். 1827 ஏப்ரலில் அவர் கடைக் கணக்குப் புத்தகத்தில் முதல் விற்பனை பதிவாகியிருக்கிறது. பெட்டியோடு ஒரு துண்டு உப்புத்தாள் தருவார். அதை இரண்டாக மடித்து, குச்சியை நடுவில் வைத்து அழுத்தி, வெடுக்கென்று இழுக்க வேண்டும். சில நேரம் பற்றும், சில நேரம் எரியும் தலை கழன்று தரைவிரிப்பில் விழும். வாக்கர் காப்புரிமை வாங்கவில்லை. லண்டனில் சாமுவேல் ஜோன்ஸ் அதையே ‘லூசிஃபர்’ என்ற பெயரில் விற்றுக் காசு பார்த்தார். டச்சு மொழியில் தீக்குச்சிக்கு இன்றைக்கும் லூசிஃபர் என்றே பெயர்.

அதற்கும் முன்னால் உரசலே கிடையாது, அமிலம்தான். 1805-இல் பாரிஸில் ஷான்செல் என்பவர் செய்த குச்சியின் தலையில் குளோரேட்டும் கந்தகமும் சர்க்கரையும். அதைக் கந்தக அமிலக் குப்பியில் தொட்டு எடுத்தால் பற்றும். சட்டைப்பையில் அமிலக் குப்பியோடு அலைகிற காலத்தை நினைத்துப் பாருங்கள். 1828-இல் அதே ஜோன்ஸ் இன்னொன்று கொண்டுவந்தார்: துளி அமிலத்தைச் சின்னஞ்சிறு கண்ணாடிக் குமிழியில் அடைத்து, மேலே மருந்து பூசிக் காகிதத்தில் சுருட்டியது. குறடால் நசுக்கினால் தீ. குறடு இல்லாதவர்கள் பல்லால் கடித்தார்கள். சார்லஸ் டார்வின் பீகிள் கப்பல் பயணத்தில் உருகுவே பக்கம் போனபோது அப்படித்தான் செய்தார். பல்லால் கடித்து நெருப்பு உண்டாக்கும் மனிதனைப் பார்க்கக் குடும்பமே திரண்டு வந்ததாகவும், ஒரே ஒரு குச்சிக்கு ஒரு டாலர் தர ஒருவர் முன்வந்ததாகவும் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

பாஸ்பரஸ் உள்ளே நுழைந்தது 1830-இல், பிரான்சின் சார்ல் சொரியா கையால். அது வெள்ளைப் பாஸ்பரஸ். 1669-இல் ஹாம்பர்க் நகரத்து ரசவாதி ஹென்னிக் பிராண்ட் தங்கம் கிடைக்கும் என்று சிறுநீரைக் கேன் கேனாகச் சேர்த்து, ஊறவைத்து, காய்ச்சி எடுத்தபோது கிடைத்த, இருட்டில் தானே ஒளிர்கிற பொருள். பாஸ்பரஸ் என்பது கிரேக்கத்தில் ஒளி கொண்டுவருபவன். லூசிஃபர் என்பதும் லத்தீனில் அதே பொருள்தான். இரண்டுமே விடிவெள்ளியின் பெயர்கள். பாஸ்பரஸ் இல்லாத குச்சிக்கு லூசிஃபர் என்று பெயர் வைத்து, பின்னால் பாஸ்பரஸ் வந்து சேர்ந்துகொண்டது தற்செயல்.

வெள்ளைப் பாஸ்பரஸ் பற்றிக்கொள்ள ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸ் சூடு போதும். நம்மூர்ச் சித்திரை மாதத்தில் அதைக் காற்றில் வைத்தால் தானே எரியும். குச்சித் தலையில் கொஞ்சமாகக் கலந்து பசையால் மூடினால் எங்கே உரசினாலும் பற்றும்: சுவர், செருப்பு, மேசை விளிம்பு. காற்றுப்புகாப் பெட்டியில் வைக்க வேண்டும் என்ற ஒரே தொல்லையைத் தவிர, வாங்குகிறவருக்கு இதைவிட வசதி வேறில்லை. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் குச்சியைச் செய்தவர்கள். வாய்க்குள் ஒரு சொத்தைப் பல் இருந்தால் போதும், பட்டறையில் பாஸ்பரஸ் ஆவியைச் சுவாசித்த தொழிலாளியின் தாடையெலும்பு அழுகத் தொடங்கும். முதலில் பல்வலி, பிறகு ஈறு வீக்கம், சீழ், தாங்கமுடியாத நாற்றம். அறுத்து எடுக்காவிட்டால் சாவு. வியன்னாவின் மருத்துவர் லோரின்சர் 1845-இல் இந்த நோயை விவரித்து எழுதிவிட்டார்.

இந்த நோய் மறைந்து நூறாண்டு கழித்து வேறு வாசல் வழியாக மருத்துவர்கள் முன் வந்து நின்றது. எலும்புத் தேய்மானத்துக்கும் எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கும் கொடுக்கும் பிஸ்பாஸ்பனேட் மருந்துகளால் சிலருக்குத் தாடையெலும்பு செத்துப்போவது 2003-இல் பதிவானது. இந்த மருந்துகளின் மூலக்கூறிலும் பாஸ்பரஸ் உண்டு. பல் பிடுங்கப் போகும்போது எலும்புக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறீர்களா என்று பல் மருத்துவர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

1888 ஜூலையில் லண்டனின் போ பகுதியில் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் சுமார் 1,400 பேர் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். அதற்கு முந்திய மாதம் ஒரு பத்திரிகைக் கட்டுரை அவர்கள் நிலைமையை ஊருக்குச் சொல்லியிருந்தது. பேசினால் அபராதம், அழுக்குக் காலோடு வந்தால் அபராதம் என்று வாரக்கூலியில் பிடித்தது எல்லாம் அதில் இருந்தது. எழுதியவர் அன்னி பெசன்ட். ஆம், அடையாறு பிரம்மஞான சபையின் தலைவராகி, சென்னையிலேயே வாழ்ந்து 1933-இல் மறைந்த அதே அன்னி பெசன்ட். பெசன்ட் நகர்க் கடற்கரையில் சுண்டல் வாங்கித் தின்கிற கூட்டத்துக்கு அந்தப் பெயரில் தீக்குச்சி வாடை இருப்பது தெரியாது. இரண்டே வாரத்தில் போராட்டம் வென்றது, அபராதங்கள் போயின. வெள்ளைப் பாஸ்பரஸ் மட்டும் அந்த ஆலையை விட்டு 1901 வரை போகவில்லை.

இதில் எரிச்சலூட்டும் விஷயம், மாற்று ஏற்கெனவே கையில் இருந்தது. வெள்ளைப் பாஸ்பரஸைக் காற்றில்லாமல் 250 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் சாதுவான சிவப்புப் பாஸ்பரஸாக மாறும் என்பதை வியன்னாவின் ஆன்டன் ஷ்ரோட்டர் 1840-களில் காட்டிவிட்டார். சிவப்பைக் குச்சியிலிருந்து இறக்கிப் பெட்டிப் பட்டையில் வைக்கும் யோசனைக்கு ஸ்வீடனின் குஸ்தாஃப் எரிக் பாஷ் 1844-இலேயே காப்புரிமை வாங்கினார். அங்கே யோன்ஷோப்பிங் ஊரின் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைச் செம்மைப்படுத்தி 1855 பாரிஸ் கண்காட்சியில் பரிசே வாங்கினார்கள். பிரையன்ட் அண்ட் மே நிறுவனம் அதே ஆண்டு பிரிட்டன் உரிமையையும் வாங்கி வைத்துக்கொண்டது. ஆனாலும் விற்றது வெள்ளைதான். சிவப்பு விலை அதிகம். பெட்டி தொலைந்தால் குச்சி உதவாது. எங்கும் உரசலாம் என்ற பழக்கத்தை விட ஜனங்களுக்கு மனம் வரவில்லை. குற்றத்தை முதலாளி தலையில் மட்டும் கட்டுவது சுலபம், வாங்கிய கையும் அதில் உண்டு.

கடைசியில் சட்டம்தான் தீர்த்து வைத்தது. பின்லாந்து 1872-இல் தடை செய்தது, டென்மார்க் 1874-இல். 1906-இல் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி உடன்படிக்கை போட்டன. இந்தியாவில் 1913-இல் தனிச்சட்டமே வந்தது. அமெரிக்கா நேரடியாகத் தடை போடாமல் 1912-இல் நூறு குச்சிக்கு 2 சென்ட் வரி போட்டது. வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சியை இனி விற்றுக் கட்டுப்படியாகாது, தானே செத்தது.

எங்கும் உரசும் குச்சி அதோடு ஒழிந்துவிடவில்லை. 1898-இல் பிரான்சில் செவென், காஹென் இருவரும் வெள்ளைக்குப் பதிலாகப் பாஸ்பரஸ் செஸ்குவிசல்ஃபைடு என்ற நஞ்சு குறைந்த சேர்மத்தைப் போட்டுக் காட்டினார்கள். அமெரிக்கக் காப்புரிமையை வைத்திருந்த டயமண்ட் மேட்ச் நிறுவனம், ஜனாதிபதி டாஃப்ட் கேட்டுக்கொண்டதன் பேரில் 1911-இல் அதைப் பொதுவுக்கு விட்டுக்கொடுத்தது. இந்தக் குச்சியை அடையாளம் காண்பது எளிது: தலை ஒரு நிறம், உச்சியில் பொட்டு வேறு நிறம். அந்தப் பொட்டுதான் பற்றும். ஹாலிவுட் கௌபாய் பூட்ஸில் உரசிச் சுருட்டுப் பற்றவைப்பது இதை வைத்துத்தான். அதைப் பார்த்து நம் கதாநாயகர்கள் நம்மூர்க் குச்சியைச் செருப்பிலும் தாடியிலும் உரசிப் பற்றவைத்தது கேமரா வித்தை.

தீப்பெட்டி மேல் அரசாங்கங்களுக்கு எப்போதும் ஒரு கண். 1871-இல் பிரிட்டிஷ் நிதியமைச்சர் ராபர்ட் லோ, நூறு குச்சிக்கு அரை பென்னி வரி என்று அறிவித்து, ‘வெளிச்சத்திலிருந்து ஒரு சின்ன லாபம்’ என்ற சிலேடையை லத்தீனில் வரிவில்லைக்குத் தயார்செய்து வைத்திருந்தார். தீப்பெட்டித் தொழிலாளர்கள் நாடாளுமன்றத்தை நோக்கி ஊர்வலம் போனார்கள். வரி வாபஸ், சிலேடை மட்டும் மிச்சம். இந்தியாவில் 1934-இல் வந்த தீப்பெட்டி கலால் வரி அப்படிப் போகவில்லை. வரி கட்டிய அடையாளமாகப் பெட்டியைச் சுற்றிப் பேண்ட்ரோல் என்ற காகிதப் பட்டை ஒட்டப்பட்டது. அதைக் கிழிக்காமல் பெட்டியைத் திறக்க முடியாது.

வரியைவிடப் பெரிய ஆட்டம் ஆடியவர் ஸ்வீடனின் இவார் க்ரூகர். முதல் உலகப்போருக்குப் பின் காசில்லாமல் தவித்த அரசாங்கங்களுக்குக் கடன் கொடுத்து, பதிலுக்கு அந்த நாட்டின் தீப்பெட்டி ஏகபோகத்தை வாங்கிக்கொண்டார். ஜெர்மனிக்கு மட்டும் 12.5 கோடி டாலர். உலகத் தீப்பெட்டியில் பாதிக்கு மேல் அவர் கைக்கு வந்தது. 1932 மார்ச் 12 அன்று பாரிஸில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து பிணமாகக் கிடந்தார். பிறகு கணக்கைப் புரட்டினால் ஓட்டையும் போலிப் பத்திரமும். அவருடைய ஸ்வீடிஷ் மேட்ச் குழுமம் 1923-இல் இந்தியாவில் தொடங்கிய நிறுவனம் வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி. சுருக்கமாக விம்கோ. திருவொற்றியூரில் அதன் ஆலை இருந்த இடம் விம்கோ நகர் ஆயிற்று. ரயில் நிலையத்துக்கும் இப்போது மெட்ரோ நிலையத்துக்கும் அதே பெயர்.

அதே 1923-இல்தான் சிவகாசியில் அய்ய நாடாரும் அவர் உறவினர் சண்முக நாடாரும் தீப்பெட்டி ஆலை தொடங்கினார்கள். முந்தைய ஆண்டு கல்கத்தாவுக்குப் போய்த் தொழிலைக் கற்று வந்தவர்கள். மழை குறைந்த, காற்றில் ஈரம் இல்லாத கரிசல் பூமி இதற்கு வாகாக அமைந்தது. குச்சித் தலை மருந்து காய வேண்டும், ஒட்டிய பெட்டி காய வேண்டும், இரண்டுக்கும் வெயில் இலவசம். பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்று அச்சுத்தொழில் வந்தது, வண்ண மத்தாப்புத் தீப்பெட்டியில் ஆரம்பித்துப் பட்டாசு வந்தது. நாட்டின் காலண்டரில் பெரும்பகுதி சிவகாசியில் அச்சாவதற்கு மூலகாரணம் தீப்பெட்டி லேபிள். இயந்திர ஆலைக்கு ஒரு வரி, கைத்தொழிலுக்குக் குறைந்த வரி என்று அரசு பிரித்ததால் விம்கோவின் இயந்திரங்களுக்கு எதிரில் கோவில்பட்டி, சாத்தூர், குடியாத்தம் பட்டறைகள் தாக்குப்பிடித்தன.

குச்சிக்கு மரம் உள்ளூரில் கிடைக்காது. மென்மையாகவும் வெளுப்பாகவும் நேர் இழையாகவும், பிசின் இல்லாமலும் இருக்க வேண்டும். கேரளத்து மட்டி மரம் அப்படிப்பட்டது. மரத்துண்டைப் பென்சில் சீவுவதுபோலச் சுழற்றிச் சுமார் 2 மில்லிமீட்டர் தகடாக உரித்து, பிறகு குச்சியாக நறுக்குவார்கள். வெட்டு இழைக்குக் குறுக்கே போனால் உரசும்போது படக்கென்று ஒடியும் குச்சி அதுதான். மர விலைக்குப் பயந்து வந்த மெழுகுத் தீக்குச்சிக்கு இந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் கோடையில் வளையும். உரசும்போது விரல் முட்டு அதற்குக் கட்டாயம்.

குச்சியைச் சட்டத்தில் அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் வீட்டுத் திண்ணையில் நடந்த வேலை, சின்ன விரல்களுக்கு வேகம் அதிகம் என்று குழந்தைகளை வைத்து நடந்த வேலையும்கூட. 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டியை ஆபத்தான தொழில் பட்டியலில் வைத்தது. சிவகாசிக் குழந்தைகளுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், ஒரு குழந்தையை வேலைக்கு வைத்தால் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று சொன்னது. லண்டனில் தாடை, இங்கே பள்ளிக்கூடம். 1 ரூபாய்க்குள் அடங்கிய பெட்டியின் கணக்கில் இதுவும் சேர்ந்திருந்தது. அந்தப் பெட்டி 14 ஆண்டுக்குப் பிறகு 2021 டிசம்பர் 1-இல்தான் 2 ரூபாய் ஆனது.

இப்போது தீப்பெட்டிக்காரர்களின் எதிரி 10 ரூபாய் சீன லைட்டர். ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டியின் வேலையைப் பறிக்கிறது என்று அவர்கள் முறையிட, 2022-இல் தமிழக முதல்வர் ஒன்றிய அரசுக்குத் தடை கோரி எழுதினார். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள லைட்டர் இறக்குமதி தடை செய்யப்பட்டது. பழசைப் புதுசு விழுங்குகிறது என்று இதைப் பேசுகிறார்கள். வயதைப் பார்த்தால் உரசிப் பற்றும் குச்சியைவிட லைட்டர்தான் மூத்தது. ஜெர்மனியின் யேனா நகரில் டோபரைனர் 1823-இலேயே ஒன்று செய்துவிட்டார்: கண்ணாடி ஜாடியில் துத்தநாகமும் கந்தக அமிலமும் சேர்ந்து ஹைட்ரஜன் கிளம்பும், குழாயைத் திறந்தால் அது நுண்துளைப் பிளாட்டினத்தின் மேல் பட்டுத் தானே பற்றும். சாமானும் அமிலமுமாக மேசையில்தான் வைக்க முடியும். ஜான் வாக்கரின் குச்சி அதற்கு மூன்று ஆண்டு இளையது.